வட ஆர்க்காட்டு இசைக்குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்: 'நொட்டோரியஸ்' ஆல்பத்தை முழுசாகக் கேளுங்கள்

வேலூர், காட்பாடி, இராணிப்பேட்டை, ஆம்பூர், குடியாத்தம் பக்கத்துக் கல்லூரிகளில் டான்ஸ்-ராக் வாசிக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் வணக்கம்.

உங்கள் மேடைகளுக்கு ஒலி அமைப்பவர்களும் உங்கள் பாட்டைப் பதிவு செய்து மிக்ஸ் செய்பவர்களும் சேர்ந்து எழுதும் மடல் இது. உங்களில் பலர் சொந்தப் பாட்டுகளை ஆல்பமாகப் போடக் கிளம்பியிருக்கிறீர்கள். மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு: 'பத்துப் பாட்டும் ஒரே தரத்தில் நிற்கணும்.' அந்தக் கவலையில் ஒவ்வொரு பாட்டையும் இழைத்து இழைத்து, கடைசியில் ஆட்டமே இல்லாமல் செய்துவிடுகிறீர்கள். ஃபங்க் (தாள நடையே உயிரான ஆட்ட இசை) கலந்த இசைக்கு இதைவிடப் பெரிய கேடு கிடையாது.

அதனால் ஒரு வேண்டுகோள். டியுரான் டியுரான் குழு 1986 நவம்பரில் வெளியிட்ட 'நொட்டோரியஸ்' ஆல்பத்தை, பாட்டைத் தாண்டாமல், முதலிலிருந்து கடைசி வரை கேளுங்கள். மேடும் பள்ளமுமான ஆல்பம்தான். சில பாட்டுகள் சறுக்குகின்றன, ஒன்றிரண்டு தூங்கிவிடுகின்றன. இருந்தாலும் போட்டால் கால் சும்மா இருக்காது. எங்கே ஆடுகிறது, எங்கே விழுகிறது, ஏன் என்று காதால் பிரிக்கத் தெரிந்துவிட்டால் உங்கள் ஆல்பத்துக்கு அதுவே பாதிப் பாடம்.

அது பிறந்த நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்துக் குழு. 1985இல் ஐந்து பேரும் இரண்டாகப் பிரிந்து 'பவர் ஸ்டேஷன்', 'ஆர்க்கேடியா' என்று தனித்தனிக் குழுக்களில் வாசித்தார்கள். மறுபடி ஒன்றுகூடியபோது டிரம்மர் ராஜர் டெய்லர் இல்லை. கிட்டாரிஸ்ட் ஆண்டி டெய்லரும் பதிவின் நடுவே விலகிப் போனார். மிச்சம் இருந்தவர்கள் பாடகர் சைமன் லெ பான், கீபோர்டில் நிக் ரோட்ஸ், பேஸில் ஜான் டெய்லர். தயாரிப்பாளராக வந்தவர் நைல் ராஜர்ஸ். 'சிக்' என்ற டிஸ்கோ-ஃபங்க் குழுவை பெர்னார்ட் எட்வர்ட்ஸோடு சேர்ந்து தொடங்கியவர் அவர். கிட்டாரிலும் அவர் கை உண்டு, கூட வாரன் குக்குருல்லோ. டிரம்ஸுக்கு ஆவரேஜ் வைட் பேண்டில் வாசித்த ஸ்டீவ் ஃபெரோன். ஊதுகருவிகளுக்கு போர்னியோ ஹார்ன்ஸ் என்ற குழு. பாதிக் குழு கலைந்த நிலையில், தேர்ந்த ஃபங்க் கைகளை உள்ளே வைத்து எழுப்பிய ஆல்பம் அது. அதன் பலமும் பலவீனமும் இரண்டுமே இங்கிருந்துதான் வருகின்றன.

ஆல்பத்தின் பெயரையே தாங்கிய முதல் பாட்டை நாலு தடவை கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு கருவியைப் பின்தொடருங்கள்: முதலில் டிரம்ஸில் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), ஸ்நேர் (கோலால் அடிக்கும் சுள்ளென்ற டிரம்), அப்புறம் பேஸ், அடுத்து கிட்டார், கடைசியாக ஹார்ன், அதாவது ஊதுகருவிகள். ஒவ்வொருவரும் எவ்வளவு குறைவாக வாசிக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். பேஸ் பேசுகிற இடத்தில் ஹார்ன் வாயை மூடிக்கொள்கிறது. ஹார்ன் வெட்டுகிற இடத்தில் குரல் இல்லை. கிட்டார் மட்டும் இடைவிடாமல் ஓடினாலும், மேல் மூன்று நான்கு கம்பிகளைத் தாண்டி அது இறங்குவதில்லை. எனவே பேஸோடு மோதாது. நம் பக்கத்துத் தெருக்கூத்தில் தாளக்காரர் நடையைப் பிடித்துக்கொள்ள, மிருதங்கம் அடவுக்குப் பேசி, பாட்டு வரும்போது அடங்கிக் கொடுக்குமே, அந்த ஒழுக்கம்தான் இது. உங்கள் பாட்டுகளில் நாங்கள் கேட்பது நேர் எதிரானது: ஐந்து பேரும் ஐந்து பேருடைய இடத்திலும் வாசிக்கிறீர்கள்.

கிட்டார் வாசிப்பவர்களே, உங்களுக்குத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு தட்டுக்கு 'தகதிமி' என்று நான்கு, நான்கு தட்டுக்குப் பதினாறு. வலது கை அந்தப் பதினாறிலும் மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்க வேண்டும், ஒலி வந்தாலும் வராவிட்டாலும். எந்த அடி ஒலிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது இடது கை: அழுத்தினால் ஒலி, தளர்த்தினால் 'சிக்' என்ற உரசல். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 80 தட்டில் வைத்து, ஐந்து நிமிடம் எல்லாக் கம்பியையும் அடைத்தபடி பதினாறையும் அடியுங்கள். அப்புறம் முதல் தட்டின் 'த', இரண்டாம் தட்டின் 'மி' என்று இரண்டை மட்டும் திறந்து விடுங்கள். சரளமான பிறகு நான்கு நான்காக ஏற்றி 110 வரை போங்கள். தவறு வழக்கமாக இரண்டு இடத்தில் நடக்கிறது. ஓய்வு வரும்போது வலது கையையும் நிறுத்திவிடுவது ஒன்று. அடுத்த அடி தாமதமாகத்தான் விழும். ஒரே விரலால் கம்பியை அடைப்பது இன்னொன்று. ஐந்து, ஏழு, பன்னிரண்டாம் ஃபிரெட்டுகளின் மேல் அந்த விரல் பட்டால் ஹார்மோனிக் கீச்சிடும். குறைந்தது இரண்டு விரல் கம்பிமேல் படுத்திருக்க வேண்டும்.

டிஸ்டார்ஷனை (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) அணைத்துவிடுங்கள். கெயின் ஏற ஏறச் சின்ன ஒலி பெரிதாகி, பெரியது அமுங்கி, அடிக்கும் அடிக்கும் நடுவே இருக்க வேண்டிய மௌனம் இரைச்சலால் நிறைந்துவிடும். சிங்கிள் காயில் பிக்கப், மெல்லிய பிக், அங்குலத்தின் ஆயிரத்தில் 9 முதல் 42 பங்கு வரை தடிமனுள்ள கம்பி, நாலுக்கு ஒன்று என்ற அளவில் லேசான கம்ப்ரஷன் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வது). இவ்வளவு போதும். மிக்ஸரில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டாரை வெட்டிவிடுங்கள். தனியாகக் கேட்டால் ஒல்லியாக, ஏன் கொஞ்சம் அசிங்கமாகக்கூட இருக்கும். குழுவோடு சேரும்போது அந்த ஒல்லிதான் ஆட வைக்கும்.

பேஸ் வாசிப்பவர் நோட்டை எங்கே நிறுத்துகிறார் என்பதில்தான் ஃபங்க் இருக்கிறது. ஸ்நேர் விழும் 2, 4 தட்டுகளில் பேஸ் நோட்டு நீண்டு கிடந்தால் ஸ்நேர் செத்துவிடும். ஸ்நேருக்கு ஒரு நூல் முன்னால் இடது கையைத் தளர்த்தி நோட்டை முடியுங்கள். ஜான் டெய்லர் சிக் குழுவின் பேஸை உற்றுக் கேட்டு வளர்ந்தவர். இந்த ஆல்பத்தில் அவர் நிறுத்துகிற இடங்களை மட்டும் ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். கிக்கும் பேஸும் ஒரே நேரத்தில் விழும் இடம் எது, விலகும் இடம் எது என்று இருவரும் பேசி முடிவு செய்துவிட்டு ஒத்திகைக்கு வாருங்கள். கிக் டிரம்முக்குள் சின்னத் தலையணை ஒன்று, தோலை லேசாகத் தொட்டபடி இருக்கட்டும். மிக்ஸில் கிக்குக்கு 60 ஹெர்ட்ஸ் பக்கம் இடம் கொடுத்தால், பேஸில் அதே இடத்தை மூன்று டெசிபெல் குறைத்து 90 பக்கம் தூக்குங்கள். நாலு கம்பி பேஸின் அடிக் கம்பி 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கரில் அது வரவே வராது. 700க்கும் 1000க்கும் நடுவே விரல் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினால்தான் கேட்பவர் காது பேஸைத் தேடிப் பிடிக்கும்.

டிரம்மர்களுக்கு ஒரே வார்த்தை: ஃபெரோன். எவ்வளவு கனம், எவ்வளவு நிதானம். நாலு பாருக்கு (நான்கு தட்டு ஒரு பார்) ஒரு தடவை ரோல் அடிக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு யாரும் போடவில்லை.

இனி விழும் இடங்கள். 'வின்டர் மார்ச்சஸ் ஆன்' முழுக்க மூட்டம். சின்தசைசர் பரப்பில் குரல் மிதக்கிறது, அடியில் தாங்க நடை இல்லை. அது வரும் இடமும் தப்பு. 'மீட் எல் பிரெசிடென்டே' கூட்டத்தை எழுப்பிவிட்ட கையோடு, கடைசிக்கு முந்தைய பாட்டாக வந்து எழுந்தவர்களை உட்கார வைக்கிறது. 'எ மேட்டர் ஆஃப் ஃபீலிங்' நல்ல மெட்டுதான், ஆனால் 'ஸ்கின் டிரேட்' அப்போதுதான் முடிந்திருக்கிறது. அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் அது வெளிறிப்போகிறது. 'சோ மிஸ்லெட்' எங்களுக்கு ஒட்டவே இல்லை. நடை ஓடுகிறது, நினைவில் நிற்கும் மெட்டு இல்லை. 'ஹோல்ட் மீ' ராக் கிட்டார் பக்கம் சாய்கிறது. அது மட்டும் வேறு ஆல்பத்துப் பாட்டு மாதிரி ஒலிக்கிறது.

'ஸ்கின் டிரேட்' மட்டும் தனியாகப் பேச வேண்டியது. அவசரமே இல்லாத நடை. பெரும்பகுதியைக் கள்ளக்குரலில் பாடுகிறார் லெ பான். ஒரு பெரிய ராக் பாடகர் தன் உரத்த குரலைக் கீழே வைத்துவிட்டு நடைக்குள் ஒடுங்கிப் பாடியிருக்கிறார். தலைப்புப் பாட்டு அமெரிக்கத் தரவரிசையில் 2ஆம் இடம் வரை ஏறியது. இது அந்த உயரத்துக்குக் கிட்டவே போகவில்லை. எங்கள் காதுக்கு ஆல்பத்தின் சிறந்த பாட்டு இதுதான். சேர்ப்பதா வேண்டாமா என்று நீங்கள் ஊசலாடும் பாட்டு ஒன்று எப்போதும் இருக்கும், அதற்காகவே இதைச் சொல்கிறோம்.

அந்த ஆல்பத்தின் ஸ்நேரில் 80களுக்கே உரிய எதிரொலி இருக்கிறது. எதிரொலியை முழுசாக ஓடவிடாமல் சட்டென்று வெட்டும் முறை அந்தக் காலத்தில் எங்கும் பரவியிருந்தது. பதிவில் வேண்டுமானால் செய்து பாருங்கள். நம் மேடைகளில் வேண்டாம். காரணத்தைக் கணக்காகவே சொல்கிறோம். 110 வேகத்தில் ஒரு தட்டு சுமார் 545 மில்லிசெகண்ட், அதில் கால் பங்கு, அதாவது பதினாறில் ஒரு அடி, 136. நம் ஊர்க் கல்யாண மண்டபமும் கலையரங்கமும் கிரானைட் தரை, பூச்சுச் சுவர், தகரமோ கான்கிரீட்டோ கூரை. ஒரு கைதட்டல் அடங்க இரண்டு செகண்ட் ஆகும் அரங்கில், ஒரு ஸ்நேர் அடி மூன்றரைத் தட்டுக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கும். அதன் மேல் நீங்களும் எதிரொலி சேர்த்தால் மிஞ்சுவது கஞ்சிதான். இப்படிப்பட்ட அரங்குக்கு வந்தால் வேகத்தை நாலைந்து குறைத்து, நோட்டுகளை இன்னும் குட்டையாக்கி, கீபோர்டின் ரிலீஸை (விரலை எடுத்த பிறகும் ஒலி நீளும் நேரம்) 80 மில்லிசெகண்டுக்குள் கொண்டு வாருங்கள். ஹார்ன் பகுதிகளை நீங்கள் பெரும்பாலும் கீபோர்டில்தான் வாசிக்கிறீர்கள். ரிலீஸ் நீண்டிருப்பதுதான் உங்கள் ஹார்ன் 'வெட்டு' வெட்டாக விழாததற்குக் காரணம்.

மேடை அகலமாகக் கிடைத்ததென்று ஆளுக்கொரு மூலையில் நிற்காதீர்கள். ஒலி ஒரு செகண்டுக்கு ஏறக்குறைய 350 மீட்டர்தான் போகும். டிரம்ஸிலிருந்து ஏழு மீட்டர் தள்ளி நிற்கும் பேஸ்காரர் ஸ்நேரை 20 மில்லிசெகண்ட் தாமதமாகக் கேட்கிறார், அதற்கேற்பத் தாமதமாக வாசிக்கிறார். பாட்டு இழுக்கிறது, யார் மேல் தப்பென்று யாருக்கும் புரிவதில்லை. பேஸ்காரர் ஹை-ஹாட் (டிரம்ஸின் இரட்டைச் சிம்பல்) பக்கம் இரண்டு மீட்டருக்குள் நிற்கட்டும். மானிட்டரில் முதலில் கிக், ஸ்நேர், ஹை-ஹாட் கேளுங்கள். சொந்தக் கருவியை அப்புறம் கேட்கலாம்.

திறந்தவெளி மைதானம் என்றால் சிக்கல் வேறு. சப்-வூஃபர்களை (அடி ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்கள்) மேடையின் இரண்டு ஓரத்திலும் பிரித்து வைத்தால், இரண்டு பக்கத்து அலைகளும் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். நடந்து பாருங்கள், நாலு அடிக்கு ஒருமுறை பேஸ் வரும், போகும். முடிந்தால் எல்லா சப்பையும் மேடைக்கு முன்னால் நடுவில் ஒன்றாக வைக்கச் சொல்லுங்கள். சவுண்ட் செட் அண்ணன்கள் மறுத்தால் காரணத்தைப் பொறுமையாகச் சொல்லுங்கள், கேட்பார்கள்.

வெயிலையும் மறக்க முடியாது. ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் நம்முடையது. வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா சமயத்து மேடைகளில் வாசித்தவர்களுக்கு அந்தப் புழுக்கம் தெரியும். சூட்டில் எஃகுக் கம்பி தளர்ந்து சுருதி இறங்கும். சாக்ஸபோனும் ட்ரம்பெட்டும் உள்ளே காற்று சூடாகிச் சுருதி ஏறும். கீபோர்டு நின்ற இடத்திலேயே நிற்கும். ஒரே நேரத்தில் மூன்று சுருதி. ஏசி அறையில் சுருதி சேர்த்துக்கொண்டு நேராக மேடை ஏறுவதுதான் இதற்கு வேர். அரை மணி நேரம் முன்னதாகக் கருவியை மேடையிலேயே நிழலில் வைத்து, அந்தச் சூட்டுக்குப் பழகிய பிறகு சேருங்கள். ஊதுபவர்கள் ஊதிச் சூடேற்றிய பிறகு கீபோர்டோடு ஒப்பிட்டு இழுவையைச் சரிசெய்யட்டும்.

ஜெனரேட்டர் மின்சாரத்தில் ஓடும் மேடையில் சிங்கிள் காயில் 50 ஹெர்ட்ஸில் முனகும். விளக்கு டிம்மர்கள் அதே ஃபேஸில் இருந்தால் இன்னும் மோசம். ஒலிக்கும் விளக்குக்கும் தனித்தனி லைன் கேட்டு வாங்குங்கள். கிட்டார் ஸ்விட்சை 2ஆம் அல்லது 4ஆம் நிலையில் வையுங்கள். நடு பிக்கப் எதிர்ச்சுற்றாக இருக்கும் கிட்டாரில் முனகல் பெருமளவு போய்விடும், ஃபங்க்குக்கு ஏற்ற ஒலியும் அதுதான். முனகலை நிறுத்த எர்த் பின்னைப் பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். மைக்கில் வாய், கம்பியில் கை, உயிரே போய்விடும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு பெரிய வசதி கையில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. பதினாறு மாத்திரைக் கட்டத்துக்குள் சொல்லை அடுக்குவதற்கென்றே அமைந்த இலக்கணம். வல்லின ஒற்று வரும் சொற்கள், 'பட்டென்று', 'தட்டு', 'எட்டிப்போ' போன்றவை, தாமாகவே ஒலியை அடைக்கின்றன. கிட்டாரின் அடைத்த அடிக்கு மேல் அச்சாக உட்காரும். இடையினமும் நெடிலும் நிறைந்த வரி வழுக்கிக்கொண்டு போகும், பல்லவியில் குரல் நீள வேண்டிய இடத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில மெட்டுக்கு முதலில் பொருளற்ற அசைகளைப் பாடி, பிறகு தமிழைத் திணிக்கும் வழக்கம் உங்களிடம் இருக்கிறது. குறில் நீண்டு நெடில் குறுகுவது அதனால்தான். கிக்கையும் பேஸையும் மட்டும் ஓடவிட்டு, அதன் மேல் வரியை முதலில் பேசுங்கள். பேசும்போதே ஆடினால்தான் அது பாட்டு வரி.

பதிவுக்கு வருவோம். எட்டுச் சேனல் இன்டர்ஃபேஸ் ஒன்று இருந்தால் போதும்: கிக், ஸ்நேர், ஹை-ஹாட், மேலே இரண்டு மைக், பேஸ் டிஐ பாக்ஸ் (ஆம்ப் இல்லாமல் கருவியை நேராக இணைக்கும் பெட்டி) வழியாக, கிட்டார், வழிகாட்டிக் குரல். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். சராசரி மைனஸ் 18 டெசிபெல், உச்சம் மைனஸ் 6ஐத் தாண்ட வேண்டாம். டிரம்ஸ், பேஸ், கிட்டார் மூன்றையும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசியுங்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி. தனித்தனியாகப் பதிந்து ஒட்டியதில் நடை பிறப்பதை நாங்கள் அரிதாகத்தான் கேட்டிருக்கிறோம். கிளிக் (காதில் ஓடும் மெட்ரோனோம்) வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. பதிந்த பிறகு கட்டத்துக்குள் நூறு சதவீதம் இழுத்து வைக்காதீர்கள். ஸ்நேர் கிளிக்குக்கு ஒரு நூல் பின்னால் விழுவதும் ஹை-ஹாட் ஒரு நூல் முந்துவதும் பிழை அல்ல, ஆட்டமே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. காதை உறுத்தும் ஒரு அடியை மட்டும் கையால் நகர்த்துங்கள். முடித்த மிக்ஸைக் கத்தவிடவும் வேண்டாம். இணையத்தில் பாட்டு ஓடும் தளங்கள் பல ஏறக்குறைய மைனஸ் 14 லஃப்ஸுக்கு (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) இறக்கிவிடுகின்றன. லிமிட்டரில் நசுக்கிய பாட்டு அங்கே உயிரற்றுத்தான் ஒலிக்கும்.

பாட்டுகளின் வரிசையை எல்லாம் முடிந்த பிறகு போடுங்கள். மெதுவான பாட்டு இரண்டு இருந்தால், ஒன்றை நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வையுங்கள், மற்றதைக் கடைசியில். கடைசிக்கு முந்தைய இடம் வேண்டாம். 'நொட்டோரியஸ்' ஆல்பமே அந்தப் பள்ளத்திலிருந்து ஏற 'ப்ரொபோசிஷன்' என்ற முறுக்கான பாட்டை இறுதியில் வைக்க வேண்டியிருந்தது. அது ஏற்றிக் காப்பாற்றிவிட்டது. உங்களிடம் அப்படியொரு பாட்டு மீதம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மிக்ஸுக்கு வரும்போது ஒவ்வொரு டிராக்கும் பூஜ்ஜிய நிமிடத்திலிருந்து தொடங்கும் வேவ் கோப்பாக, எஃபெக்ட் எதுவும் போடாமல் இருக்கட்டும். பாட்டின் வேகத்தையும் சுருதியையும் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். கிட்டாருக்கு ஆம்ப் ஒலியோடு நேரடி டிஐ பதிவும் வேண்டும். தரம் சேரவில்லை, விட்டுவிடலாம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறீர்களே, அந்த இரண்டு பாட்டையும் சேர்த்தே கொண்டுவாருங்கள். கேட்டுவிட்டு முடிவு செய்வோம்.

அன்புடன்,
வேலூர் வட்டார ஒலி அமைப்பாளர்களும் பதிவாளர்களும்